முத்துக்குளித்தவர்களின் மூச்சும் நம்முடைய பதற்றமும்

விடியற்காலை மூன்று மணி. தூத்துக்குடி துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. அதில் ஒரு டிரைவரை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். வயது நாற்பதுக்குள் இருக்கும். வண்டியை அணைத்துவிட்டு, கையில் டீயோடு, உள்ளே போகும் முறைக்காகக் காத்திருக்கிறார். எதிரே எந்த ஆபத்தும் இல்லை. திடீரென்று நெஞ்சுக்குள்ளிருந்து எதையோ உருவி எடுத்த மாதிரி ஒரு காலி. அடுத்த நொடி இதயம் படபடக்கிறது. விரல் நுனி மரத்துப்போகிறது. மூச்சு பத்தவில்லை. சாலை விளக்குகள், முன்னால் நிற்கும் வண்டி, தன் கைகள் எல்லாமே ஏதோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல் தெரிகின்றன. 'போய்ச் சேர்ந்துருவேன் போலிருக்கே' என்று தோன்றுகிறது.

ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார். ஈசிஜி எடுக்கிறார்கள். நார்மல். "வாய்வா இருக்கும்ணே, நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த வாரம், அதே சாலை, அதே நேரம், மறுபடியும் அதே காலி.

இவர் கற்பனை டிரைவர். ஆனால் "திடீர்னு ஒரு மாதிரியா வந்துச்சு", "மனசு வெறிச்சுனு ஆயிருச்சு", "நெஞ்சு பதறிருச்சு" என்று சொல்லாத வீடு நம் ஊரில் குறைவு. மருத்துவம் இதைப் பதற்றத் தாக்கு என்கிறது. ஆங்கிலத்தில் சொல்லும் பேனிக் அட்டாக் இதுதான். இதைப் புரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். அந்த லாரி நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் தெரியும் கடலில், மூச்சு முட்டுவதையே தொழிலாகக் கொண்டு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் இருந்தார்கள்.

கல், கூடை, கயிறு

கொற்கை முத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பெயர் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளஸ் என்ற கடல்வழிக் குறிப்பு, இந்தக் கரையில் தண்டனை பெற்ற கைதிகளை வைத்து முத்தெடுத்தார்கள் என்கிறது. விரும்பிச் செய்யும் வேலை இல்லை என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. பிறகு அது பரதவர்களின் தொழிலானது. மன்னார் வளைகுடாவின் அடியில் சிப்பி படியும் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொள்ளாயிரம் பார் அவற்றில் பெயர்பெற்றது. 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்ததுதான் இந்தக் கரையின் கடைசி முத்துக்குளிப்பு. அதன்பின் பார்கள் அப்படி விளையவில்லை. குளியாட்களின் மரபு இன்று சங்குகுளியில் மிஞ்சியிருக்கிறது. ஆனால் அவர்களில் பலர் இப்போது கம்ப்ரஸர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள்.

பழைய முறை எளிமையானது. படகின் ஓரத்தில் ஒரு கனத்த கல் கயிற்றில் தொங்கும். குளியாள் அதன்மேல் கால் வைத்து, ஒரு மூச்சை நிறைத்துக்கொண்டு சைகை காட்டுவார். மேலே இருப்பவர் கயிற்றைத் தளர்த்தினால் கல் ஆளோடு அடிக்குப் போகும். தரையைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார். அதை மேலே இழுத்துக்கொள்வார்கள். இவர் கையால் துழாவிச் சிப்பிகளைக் கூடையில் அள்ளுவார். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். பிறகு தன்னிடம் உள்ள கயிற்றை ஒரு வெட்டு வெட்டி இழுப்பார். மேலே இருப்பவர் விறுவிறுவென்று தூக்கிவிடுவார்.

இருபது மீட்டர் ஆழத்தில் உடலை அழுத்தும் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல மூன்று மடங்கு. மேலே ஆறு லிட்டர் காற்றோடு விரிந்திருந்த நுரையீரல் அங்கே இரண்டு லிட்டருக்குச் சுருங்கிவிடும். காது அடைக்கும். நெஞ்சு இறுகும். சற்று நேரத்தில் உதரவிதானம் தானாகவே துடிக்க ஆரம்பிக்கும். 'மூச்சு விடு, மூச்சு விடு' என்று உடல் முழுவதும் கூச்சல் போடும். டிரைவருக்கு லாரியில் வந்த அதே கூச்சல். ஆனால் குளியாளின் கை மட்டும் சிப்பி பொறுக்கிக்கொண்டிருக்கும்.

மணி எதற்காக அடிக்கிறது?

மூச்சை அடக்கினால் முட்டுகிறதே, அது எதனால்? பிராணவாயு தீர்ந்துவிட்டதால் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். உண்மையில் அந்த முட்டலுக்குப் பெருங்காரணம் கரியமில வாயு. மூச்சு விடாதபோது அது ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். மூளையின் அடிப்பகுதியில், முகுளத்தில் இருக்கும் உணரிகள் அந்த ஏற்றத்தைக் கண்டு மணி அடிக்கின்றன. மணி அடிக்கத் தொடங்கும் நேரத்தில் ரத்தத்தில் பிராணவாயு இன்னும் போதிய அளவு இருக்கும்.

ஆக, மணி வேறு, ஆபத்து வேறு. முதல் மணிக்கும் உண்மையான ஆபத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. முத்துக்குளி என்ற தொழிலே அந்த இடைவெளிக்குள் நடந்ததுதான். பதறினால் இதயம் வேகமெடுக்கும், தசைகள் முறுக்கேறும், இருக்கும் பிராணவாயு சீக்கிரம் செலவாகும். பதறாதவருக்குப் பத்து சிப்பி கூடுதலாகக் கிடைக்கும்.

பதற்றத் தாக்கு என்பது தண்ணீரே இல்லாத இடத்தில் இந்த மணி அடிப்பது. அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்ட் கிளைன் 1993இல் இப்படித்தான் ஒரு கருத்தை முன்வைத்தார்: சிலருக்கு மூச்சுத்திணறல் மணி மிகவும் கூருணர்வோடு இருக்கிறது, அதனால் காரணமில்லாமல் அடித்துவிடுகிறது. பதற்றத் தாக்கு வரும் இயல்புள்ளவர்களைக் கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்கச் செய்தால் மற்றவர்களைவிட எளிதில் தாக்கு வந்துவிடுவதும் ஆய்வுகளில் தெரிந்த விஷயம்.

2013இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. அச்சத்தின் மையம் என்று சொல்லப்படும் அமிக்டலா பகுதி இருபுறமும் சிதைந்துபோன மூன்று பேரிடம் அந்தச் சோதனையைச் செய்தார்கள். அவர்களில் ஒரு பெண் பாம்பைக் கண்டும் பேய்ப்படத்தைப் பார்த்தும் அஞ்சாதவர். கரியமில வாயு மிகுந்த காற்றை ஒருமுறை இழுத்ததும் மூவருமே பீதியில் துடித்துப்போனார்கள். இந்த மணி அவ்வளவு ஆழத்தில், அவ்வளவு பழைய இடத்தில் இருக்கிறது. அதனால்தான் 'தைரியமா இரு' என்று சொல்வதால் அது அடங்குவதில்லை. பதற்றம் வந்தவர் கோழை என்று பேசுவதிலும் பொருளில்லை.

அந்தக் 'காலி' எங்கிருந்து வருகிறது?

மணி அடித்ததும் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் அடுத்த கட்டம். ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் இதை ஒரு சுழலாக விளக்கினார். உடலில் ஒரு சின்ன மாற்றம் தெரிகிறது. லேசான படபடப்பு, தூக்கமில்லாத களைப்பு, வெறும் வயிற்றில் குடித்த ஸ்ட்ராங் டீயாகக்கூட இருக்கலாம். மனம் அதை 'ஹார்ட் அட்டாக்' என்று படிக்கிறது. அந்த நினைப்பே அச்சம். அச்சம் வந்தால் படபடப்பு கூடும். கூடிய படபடப்பு, 'பார்த்தியா, நான் நினைச்சது சரிதான்' என்று சான்று சொல்லும். சுழல் இறுகும்.

இந்தச் சுழலில் மூச்சுக்கு முக்கியப் பங்கு உண்டு. பதறியவர் வாயால் வேகவேகமாக மூச்சு வாங்குவார். தேவைக்கு மேல் கரியமில வாயு வெளியே போய்விடும். அதன் அளவு ரத்தத்தில் சரிந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். மிகை மூச்சு கடுமையாக இருந்தால் மூளைக்கான ரத்த ஓட்டம் மூன்றில் ஒரு பங்குவரை குறையக்கூடும். தலை கிறுகிறுக்கும். ரத்தத்தின் அமிலத்தன்மை மாறுவதால் விரலும் உதடும் மரக்கும். உலகம் எட்டத்தில் போனமாதிரி, தான் தன் உடம்புக்குள் இல்லாதமாதிரி ஒரு வெறுமை வரும்.

டிரைவருக்குத் தெரிந்த கண்ணாடித் திரையின் பெரும்பகுதி இதுதான். அவர் வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பு எதுவும் அதில் இல்லை. மூச்சு சீரானால் திரையும் விலகும். தாக்கு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணிக்குள் வடிந்துவிடும்.

'நல்லா மூச்ச இழு' என்று சொல்லாதீர்கள்

பக்கத்தில் யாராவது பதறினால் நாம் உடனே சொல்வது என்ன? "பதறாத, நல்லா மூச்ச இழுத்து விடு." பாசத்தோடு சொல்லும் தவறான யோசனை இது. அவர் ஏற்கெனவே தேவைக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிறார். சொல்ல வேண்டியது: "மெதுவா விடு. இன்னும் மெதுவா விடு."

இதயம் மூச்சை இழுக்கும்போது சற்று வேகமாகவும், விடும்போது சற்று நிதானமாகவும் துடிக்கும். வேகஸ் என்ற நீண்ட நரம்பு இதயத்துக்கு ஒரு பிரேக் மாதிரி. வெளிமூச்சின்போது அந்தப் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. ஆகவே மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுங்கள். உதட்டைக் குவித்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். நெஞ்சை விடைக்க வேண்டாம், வயிறு லேசாக எழுந்து அமர்ந்தால் போதும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். 2023இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு, தினமும் ஐந்து நிமிடம் என்று ஒரு மாதம் பயிற்சி கொடுத்துப் பார்த்தது. வெளிமூச்சை நீட்டும் பயிற்சி செய்தவர்களின் மனநிலை, வெறுமனே மூச்சைக் கவனித்துத் தியானம் செய்தவர்களைவிடக் கூடுதலாக மேம்பட்டிருந்தது.

தென்கொரியாவின் ஜேஜு தீவில் பெண்கள்தான் குளியாட்கள். ஹென்யோ என்பார்கள். 2016இல் யுனெஸ்கோ அவர்களது மரபைப் பாதுகாக்க வேண்டிய பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. நீருக்கு மேலே வந்ததும் அவர்கள் செய்யும் முதல் காரியம், உதட்டைக் குவித்து விசில் அடிப்பதுபோல மூச்சை வெளியே விடுவது. அந்தச் சத்தத்துக்கு சும்பிசோரி என்று தனிப் பெயரே இருக்கிறது. மூச்சுக்குத் தவித்து வருகிறவர் முதலில் விடுகிறார், பிறகுதான் இழுக்கிறார்.

கடல் கற்றுத்தரும் இன்னொரு வித்தை, முகத்தில் தண்ணீர். முகம் நீரில் அமிழ்ந்து மூச்சும் நின்றால் இதயத் துடிப்பு தானாகக் குறையும். சீல், திமிங்கிலம் முதல் மனிதர்வரை பாலூட்டிகளுக்குப் பொதுவான அனிச்சைச் செயல் இது. நார்வேயில் வளர்ந்த உடலியலாளர் பெர் ஷோலாண்டரும் கூட்டாளிகளும் முத்துக்குளிப்பவர்களின் ரத்த ஓட்டத்தை அளந்து 1962இல் ஓர் ஆய்வே வெளியிட்டார்கள். நீருக்கு அடியில் இருந்த குளியாட்களின் இதயத் துடிப்பு குறைந்தது. கண், மூக்கைச் சுற்றியுள்ள நரம்பு குளிர்ச்சியை உணர்ந்து சேதி அனுப்ப, வேகஸ் பிரேக் பிடிக்கிறது. நம் கடல் வெதுவெதுப்பானது என்பதால் வீட்டில் ஃபிரிட்ஜ் தண்ணீரோ பானைத் தண்ணீரோ இதற்கு நல்லது. ஈரத்துணியைக் கண்ணுக்கும் கன்னத்துக்கும் ஒற்றி அரை நிமிடம் வைக்கலாம். இதய நோய் உள்ளவர்களும் அடிக்கடி மயங்கி விழுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். பேப்பர் கவருக்குள் மூச்சு விடும் பழைய யோசனையும் வேண்டாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்தில் முடியும்.

மணியை நிறுத்திவிட்டால் என்ன?

நிறுத்த முடியும். நீரில் மூழ்கப்போகிறவர் அதற்கு முன் வேகவேகமாகப் பத்திருபது தடவை மூச்சு வாங்கினால், கரியமில வாயு குறைந்துவிடும். உள்ளே போனபின் மணி அடிக்கத் தாமதமாகும். பிராணவாயு கூடுதலாகச் சேர்ந்துவிட்டது என்று அவர் நினைப்பார். அது ஏற்கெனவே ஏறக்குறைய நிறைந்துதான் இருந்தது. பெரிதாக எதுவும் சேரவில்லை. மணி அடிக்காததால் சுகமாக நீந்திக்கொண்டிருப்பார். மணிக்கு முன்பே பிராணவாயு தீர்ந்து, நினைவு தப்பிவிடும். நல்ல நீச்சல்காரர்கள் சிலர் நீச்சல்குளத்தில் இறந்துபோவது இப்படித்தான்.

தரையிலும் இதே கதைதான். பதற்றத்துக்கு ராத்திரி ஒரு குவார்ட்டர், அல்லது யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்த சீட்டை வைத்து மாதக்கணக்கில் தூக்க மாத்திரை. இரண்டும் மணியை அமுக்கும். போதை இறங்கும்போது பதற்றம் வட்டியோடு திரும்பும். தூக்க மாத்திரைகளில் பல பழக்கமாகிவிடும். திடீரென்று விட்டாலும் சிக்கல்.

மணியை அமுக்காமல், அச்சத்தைச் சமாளிக்க இந்தக் கரையில் ஓர் ஏற்பாடு இருந்தது. சுறாக்களின் வாயைக் கட்ட மந்திரம் சொல்கிறவரை வைத்துக்கொள்வார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்கோ போலோ, எடுக்கிற முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குப் போனதாக எழுதியிருக்கிறார். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைப் பக்கத்து முத்துக்குளிப்பைப் பார்த்த எமர்சன் டென்னன்ட், அந்த மந்திரக்காரருக்குத் தமிழில் 'கடல்கட்டி' என்று பெயர் இருந்ததையும், அப்போதைய கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர் என்பதையும் 1859இல் அச்சேறிய தன் நூலில் சொல்கிறார். அவர் சடங்கு செய்யாமல் குளியாட்கள் இறங்கமாட்டார்கள். சுறாவுக்கு மந்திரம் புரியாது. ஆனால் ஆண்டுதோறும் ஒரே மாதிரி நடக்கும் ஒரு சடங்கு, தெரியாத ஆழத்துக்கு முன்னால் தெரிந்த ஒரு படியை வைக்கிறது.

நம்மிடமும் கடல்கட்டிகள் உண்டு. தாயத்து, ஓதி ஊதிய தண்ணீர், பையில் எப்போதும் வைத்திருக்கும் மாத்திரை அட்டை. அவற்றைப் பிடித்துக்கொண்டு கடலில் இறங்கினால் நல்லது. 'அது இல்லாமல் தெருவுக்கே வரமாட்டேன்' என்ற நிலை வந்தால் யோசிக்க வேண்டும்.

விலகினால் வளரும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோக, நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அப்படி ஒரு இரவைக் கழித்தவருக்குத் தகரக் கூரையில் விழும் சாதாரணத் தூறல்கூட நெஞ்சைப் பிசையலாம். மூளை மழைச் சத்தத்தையும் ஆபத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறது.

அந்த முடிச்சு விலகி ஓடுவதால் அவிழாது. பஸ்ஸில் பதற்றம் வந்து நடுவழியில் இறங்கிவிட்டால், 'இறங்கியதால்தான் பிழைத்தோம்' என்று மூளை குறித்துக்கொள்ளும். அடுத்து பஸ்ஸே ஆகாது. பிறகு கடைத்தெரு, கோயில் கூட்டம், கடைசியில் வாசல்படி. முடிந்தவரை அங்கேயே உட்கார்ந்து, கால் தரையில் படுவதைக் கவனித்து, கண்ணில் படும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, அலை ஏறி இறங்கும்வரை இருந்துவிட்டால் மூளை வேறு பாடம் படிக்கும். அறிவுசார் நடத்தைச் சிகிச்சையில் இதையே முறையாகச் செய்கிறார்கள். படியேறி மூச்சிரைக்க வைப்பார்கள், நாற்காலியில் சுற்றித் தலை கிறுகிறுக்க வைப்பார்கள். படபடப்பு வந்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதை உடலே கற்றுக்கொள்ளும். குளியாட்கள் சிறுவயதிலிருந்து கரையோரத்தில் படிப்படியாகப் பழகியதும் ஏறக்குறைய இதுவே. தேவைப்பட்டால் மருத்துவர் மாத்திரையும் தருவார். அவற்றில் முக்கியமானவை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். தூக்க மாத்திரைபோல இவை பழக்கமாகிவிடும் என்ற பயம் வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முதல்முறை நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் 'பதற்றம்தான்' என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். இதயம், தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை எல்லாவற்றையும் பரிசோதித்துவிடுங்கள். எல்லாம் சரி என்று வந்தபிறகும் தாக்கு தொடர்ந்தால், 'வாய்வு' என்ற சொல்லோடு திரும்பிவிடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

வெறுமையில் இன்னொரு வகையும் உண்டு. அது அரை மணியில் வடியாது. சாப்பாடு, தூக்கம், வேலை, பிள்ளைகள் எதிலும் பிடிப்பு இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. 'இருந்து என்ன பயன்' என்று நினைப்பு வந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

முத்துக்குளிக்கும்போது கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பார்கள் என்று நம் பக்கம் ஒரு பேச்சு உண்டு. தங்கச்சி தாலிக்காகவாவது பிடியை விடமாட்டான் என்பது கணக்கு. எவ்வளவு மூச்சுப் பிடிக்கத் தெரிந்தவரும் மேலே ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் இறங்கினார். அந்த ஆளை முன்கூட்டியே நாமும் நிறுத்தி வைக்கலாம். மனைவியோ, அண்ணனோ, கூட வேலை பார்ப்பவரோ, யாரிடமாவது இன்றைக்கே சொல்லிவையுங்கள்: "எனக்கு இப்படி வரும். நான் போன் பண்ணி 'வந்துருச்சு'ன்னு சொன்னா, நீ ஒண்ணும் கேக்காம லைன்லயே இரு." கயிற்றை வெட்டி இழுப்பதுபோல ஒரே சொல் போதும்.

அப்படி ஒருவரும் இல்லை என்றால், 2022 அக்டோபர் 10இல் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் இருக்கிறது: 14416. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். விடியற்காலை மூன்று மணிக்கும் அது வேலை செய்கிறது.